தவிடு வைத்து மீட்காத பிள்ளை

1

இந்த வாரக் கடைசியில் என் மகன் பினாங்கில் கப்பல் ஏறுகிறான். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் மதுரைக்கு வந்து, வண்டி மாறித் திருமங்கலம் வருவான். நான் வரவில்லை. வரக்கூடாது என்று கப்பல் அனுமதி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கிற நீங்கள் இதை முழுக்கப் படிக்க வேண்டும். கடைசியில் உங்களிடம் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது.

நான் இருப்பது மலாயாவில், ஈப்போ நகரத்தில். மத்தியானம் தாண்டினால் மழை. நம் பக்கத்தில் மழை வந்தால் ஆட்கள் வாசலுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பார்கள். இங்கே மழை வந்தால் ஒருவரும் தலை தூக்குவதில்லை. முப்பது வருஷம் ஆகியும் எனக்கு மட்டும் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டு, இதில் கால்வாசி நம் கண்மாயில் விழுந்தால் என்ன என்று வயிறெரிந்து திரும்பி வருகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக இருந்தவன் நான். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவதற்குப் பெரட்டு என்று பெயர். வேலையை விட்டு வந்தும் எண்ணும் பழக்கம் விடவில்லை. கொடியில் காயும் துணி, கூரையில் உட்காரும் மைனா, குழம்பில் கிடக்கும் கத்தரிக்காய், எல்லாவற்றையும் எண்ணுகிறேன். என் மனைவி முத்தம்மாளுக்கு இது பிடிப்பதில்லை.

"கத்தரிக்காய்க்கும் பெரட்டுப் போட்டாச்சா? ஆறுறதுக்குள்ள தின்னுங்க" என்பாள்.

2

எங்களுக்கு முதலில் பிறந்த மூன்று பிள்ளைகளும் தோட்டத்துக் குடியிருப்பிலேயே காய்ச்சலில் போய்விட்டன. மூன்றையும் ரப்பர் மரங்களுக்கு நடுவில் புதைத்தோம். நாலாவது வயிற்றில் இருக்கும்போது முத்தம்மாள் நம் ஊர்க் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை தங்கினால் அதை அவருக்கே கொடுத்துவிடுவதாக.

நான் மதுரையில் பள்ளிக்கூடம் முடித்தவன். காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று தெரிந்தவன். ஆனால் கொசு என்று தெரிந்ததால் மூன்று பிள்ளைகளில் ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதனால் அவள் நேர்ந்ததை நான் தடுக்கவில்லை.

பையன் பிறந்து கழுத்து நின்றதும் கப்பலேறி ஊருக்கு வந்தோம். நம் கோயில் உங்களுக்குத் தெரியாததல்ல. கூரை கிடையாது. கண்மாய்க் கரை முடிகிற இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற அரிவாள்கள், அவற்றில் கட்டிய மணிகள், அவ்வளவுதான். சுற்றிலும் பருத்தி வெடித்த கரிசல். உச்சி வெயிலில் காற்று அசைந்தால் ஒரு மணி மட்டும் ஒலிக்கும், மற்றவை சும்மா இருக்கும். எது ஒலிக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

பூசாரி எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. பிள்ளையைத் தரையில் துண்டு விரித்துக் கிடத்தச் சொன்னார். முத்தம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"இது யாரு பிள்ளைத்தா?"

"அய்யா பிள்ளை."

அய்யா என்றால் கருப்பசாமி. பூசாரி என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து துண்டை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஏப்பா கிராணி, வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா? சீமைக்குப் போனவுகளுக்குத் தனியாக் கேக்கணுமோ?"

"அய்யா பிள்ளைதாண்ணே" என்றேன்.

"அப்பச் சரி. வளத்துக் குடுங்க. கலியாணத்துக்கு முன்னாடி பெத்தவுக வந்து, உங்க கையால தவிடு வச்சு மீட்டுக்கங்க. அதுவரைக்கும் எவன் கேட்டாலும் அய்யா பிள்ளைன்னுதான் சொல்லணும். மாத்திச் சொன்னீகன்னா பொறவு என்னையக் கேக்கப்படாது."

பிள்ளையின் வலது மூக்கைக் குத்திச் சின்ன வளையம் போட்டார்கள். பிச்சை என்று பெயர் வைத்தார்கள். ஊரில் இப்படித் தத்துக் கொடுத்து, பிறகு ஒரு படி தவிட்டுக்கு வாங்கிக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ உண்டு. பக்கத்திலேயே இருப்பவர்கள் அடுத்த சிவராத்திரிக்கே போய் மீட்டுவிடுவார்கள். எங்களுக்கு நடுவில் ஒரு கடல் இருந்தது.

3

பையனுக்குப் படிக்கிற வயது வந்ததும் ஈப்போவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. எனக்குத் தோட்டத்தில் வேலை. முத்தம்மாள்தான் கூட்டிப் போனாள். அங்கே பதிவு எழுதுகிறவர், "தகப்பன் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பெண்ணுக்கு இரண்டு சங்கடம். ஒன்று, புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். இரண்டு, பூசாரிக்குக் கொடுத்த வாக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக, "கருப்பன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவரும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கேள்விப்பட்டுக் கத்தினேன். "அடியே, அது சர்க்கார் பதிவு! நாளைக்கு இவன் என் மகன் இல்லேன்னு ஆகிப்போகும்."

"இப்ப மட்டும் உங்க மகனா? அய்யா முன்னாடி நின்னு என்ன சொன்னீக?"

"அது கோயில்ல சொன்னது."

"கோயிலுக்கு ஒரு சொல்லு, சர்க்காருக்கு ஒரு சொல்லா? எனக்கு ஒரு நாக்குதான் இருக்கு."

போய்த் திருத்திவிடலாம் என்று பல தடவை கிளம்பினேன். ஒவ்வொரு தடவையும் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற மூன்று மேடுகள் ஞாபகம் வந்து சட்டையைக் கழற்றினேன். படித்தவனுக்குப் பயம் இல்லை என்று யார் சொன்னது?

பையன் வளர்ந்தான். சகவயசுப் பையன்கள் மூக்குத் துளையைக் கிண்டல் செய்ததால் வளையத்தைக் கழற்றி எறிந்தான். வீட்டில் தமிழ், தெருவில் மலாய், பள்ளியில் இங்கிலீஷ். சாதம் போடு என்பதையும் மலாயில்தான் கேட்பான். கோயிலுக்குக் கூப்பிட்டால் பந்து விளையாட்டு இருக்கிறது என்பான். மோட்டார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான்; அங்கேயும் பள்ளித் தாளைப் பார்த்துக் கருப்பன் மகன் என்றே எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஊருக்குப் போவோம், தவிடு வைத்து மீட்டுக்கொண்டு கல்யாணத்தை முடிப்போம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த அடுத்த வருஷம் ஜப்பான்காரன் வந்தான்.

4

ஒரு நாள் பட்டறையில் இருந்தவர்களை லாரியில் ஏற்றிச் சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பிச்சையின் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை யாரோ வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாப்பிட்டுக் கழுவி வைத்திருந்தான்.

பிறகு ஒரு செய்தியும் இல்லை. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் தெருவில் சொல்வதுதான் செய்தி. காட்டில் வாந்திபேதி, நேற்று இத்தனை பேர், முந்தாநாள் இத்தனை பேர் என்பார்கள். வாழ்நாள் முழுக்கத் தலை எண்ணிய எனக்கு அந்தக் கணக்கு மட்டும் காதில் ஏறவில்லை. எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அரிசி கிடையாது. மரவள்ளிக் கிழங்குதான். வேகவைத்து எதிரில் வைத்தால் தொண்டையில் இறங்காது. முத்தம்மாள் மட்டும் சாப்பிடுவாள். எனக்கு அவள்மேல் கோபமாக வரும்.

"உனக்கு எப்படித்தான் இறங்குதோ?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"அவன் என் பிள்ளையா இருந்தா இறங்காது. மூணு வச்சிருந்தேன், மூணையும் என்னால பாத்துக்க முடியல. இது பாத்துக்கிறவர்ட்டக் குடுத்த பிள்ளை. அவரு சும்மா இருப்பாரா? நீங்க தின்னுங்க. அவன் வாரப்ப வீட்டுல ஆள் வேணும்ல?"

வெள்ளிக்கிழமை தவறாமல் வாசற்படியில் விளக்கு வைப்பாள். எண்ணெய் கிடைக்காத காலம் அது. தலைக்கு வைக்கிற எண்ணெயை நிறுத்தி விளக்குக்கு ஊற்றினாள். உள்ளே சாமி படம் எல்லாம் இருக்க, வாசலில் ஏன் என்றால், "அவரு வெட்டவெளிச் சாமி, வீட்டுக்குள்ள வரமாட்டாரு" என்பாள்.

அவள் பேச்சு அன்று எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் சாப்பிட்டேன். பிறகு தினமும் கிழங்கை எடுக்கும்போது எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்: அவன் என் பொறுப்பில் இல்லை. சொல்லச் சொல்ல நெஞ்சில் ஒரு இடம் லேசானது. நான் தகப்பனாக இருந்து அந்தக் காட்டில் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியாது. கொடுக்க முடிகிற ஒருத்தன் பொறுப்பில் அவன் இருக்கிறான் என்று நினைத்தால்தான் அடுத்த வாயை விழுங்க முடிந்தது. இதைப் பக்தி என்று சொல்வீர்களோ, வேறு வழியில்லாமை என்று சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாகாமல் இருந்தேன்.

சாயங்காலங்களில் கண்ணை மூடினால் நம் கரிசல் வரும். மழை கண்டு வெடிப்பு மூடுகிற வாசனை வரும். அந்த அரிவாள்களுக்கு முன்னால் போய் நிற்பேன். மனசுக்குள்தான். கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது. கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

5

சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பியவர்களை வடக்கே எல்லைப் பக்கம் ஒரு முகாமில் வைத்திருப்பதாகத் தெரிந்தது. பிச்சை என்ற பெயர் அங்கே இருப்பதாக ஒரு லாரிக்காரர் சொன்னார். இருவரும் கிளம்பினோம்.

முகாமில் ஒரு மலாய் குமாஸ்தா. மேஜைக்குப் பின்னால் கட்டுக் கட்டாகத் தாள்கள். என் பெயரைக் கேட்டு, தாளைப் பார்த்து, தலையை ஆட்டினார். பிச்சை என்று ஒருவன் இருக்கிறான். காய்ச்சலில் கிடக்கிறான், பிழைத்துக்கொள்வான். ஆனால் தகப்பன் பெயர் கருப்பன். நீர் கருப்பன் இல்லையே?

என் மலாய் தோட்டத்து மலாய். ஆட்களை வேலை வாங்கத்தான் உதவும். கருப்பன் ஆள் இல்லை, சாமி என்று சொல்லப் போய், கருப்பன் செத்துவிட்டான் என்று அவர் புரிந்துகொண்டார். இல்லை, சாகவில்லை, சாகவும் மாட்டான் என்றேன். அப்படியானால் எங்கே இருக்கிறான் என்றார். திருமங்கலத்துக்கு மேற்கே என்றேன். அவரை வரச் சொல் என்றார். நான் இவனை வளர்த்துப் பார்த்துக்கொண்டவன் என்பதற்குச் சரியான வார்த்தை வராமல், "நான் இவனுக்கு ஜாகா" என்றேன். ஜாகா என்றால் இங்கே கேட்டில் நிற்கிற காவல்காரன். குமாஸ்தா சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

காய்ச்சல்காரனை யாராவது பொறுப்பேற்றால்தான் வெளியே விடுவார்களாம். பிறகு அவரே இரக்கப்பட்டு இரண்டு வழி சொன்னார். நான்தான் தகப்பன் என்றால், இந்தியாவிலிருந்து அத்தாட்சி வரவழைக்க வேண்டும். மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பையன் முகாமில்தான் இருப்பான். நான் கார்டியன், வளர்ப்பவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே கூட்டிப் போகலாம்.

பேனாவை வாங்கினேன். எழுத வரவில்லை. நாலு பிள்ளை பெற்று, மூன்றைப் பறிகொடுத்து, மிச்சமிருக்கிற ஒன்றுக்கும் நான் தகப்பன் இல்லை என்று என் கையாலேயே எழுத வேண்டும்.

முத்தம்மாள் பின்னால் நின்று, "என்ன சொல்றாரு?" என்றாள். சொன்னேன்.

"போடுங்க."

"போட்டா அப்புறம் மாத்த முடியாது முத்தம்மா."

"அன்னைக்குச் சொன்னதத்தான் இன்னைக்கு எழுதுறீக. புதுசா என்ன? போடுங்க, புள்ள உள்ள கெடக்கான்."

போட்டேன். உள்ளே போனோம். வரிசையாகப் பாய்கள். எண்ணிக்கொண்டே போனவன் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஏனென்றால் ஒரு பாயிலிருந்து, "அம்மா, தண்ணி கொண்டாந்தியா?" என்று குரல் வந்தது. ஏதோ பட்டறையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி.

6

வீட்டுக்கு வந்து வெகுநாள் அவன் சயாமைப் பற்றிப் பேசவில்லை. சென்ற மாதம் ஒரு மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தது, முன் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் மழையைப் பார்த்தபடி, "உனக்கு அய்யாதான் துணை இருந்தாரு" என்று சொல்லிவைத்தேன். பெரியவர்கள் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவன் டியூபைக் கீழே வைத்தான்.

"அங்க காலையில பேர் வாசிப்பாங்கப்பா. பிச்சை, கருப்பன் மகன்னு வாசிச்சாங்க. நம்ம பக்கத்து ஆளுக கொஞ்சப் பேர் இருந்தாங்க. கல்லுப்பட்டிக்காரர் ஒருத்தர் திரும்பிப் பாத்து, 'எந்தக் கருப்பன்டா மாப்ள?'ன்னாரு. நான் கேலியாத்தான் சொன்னேன், கோயில்ல நிக்கிறாரே அவருதான்னு. மூக்குல ஓட்டையப் பாத்தாரு. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அம்புட்டுப் பேரும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என் தோளத் தொட்டுட்டுப் போவாங்க. வாந்திபேதி வந்தப்ப என்னைச் சுத்தித்தான் படுத்தாங்க. அய்யா பிள்ளை கிட்ட நோய் வராதாம். அவுக கஞ்சியில எனக்கு ஊத்துவாங்க. படையலாம்."

"நீ நம்புனியா?"

"நம்புறதுக்கு எனக்கு எங்கிட்டுத் தெம்பு? எந்திரிக்கவே முடியாது. ஆனா நான் எந்திரிக்கலைன்னா அவுக பயந்து போயிருவாங்க. அதுக்காகவே எந்திரிச்சேன். தெனமும் அதுக்காகத்தான் எந்திரிச்சேன்."

"அவுக எல்லாம் வந்துட்டாகளா?"

டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான்.

"நான் வந்தேன்."

மழை விட்டது. பிறகு அவனே சொன்னான்.

"ஒவ்வொருத்தர் ஊரும் எனக்கு மனப்பாடம். போய் அவுக வீடுகள்ல சொல்லணும். பொறவு கோயிலுக்குப் போகணும்."

"மீட்டுக்கிறதுக்கா?"

"கேக்குறதுக்கு. அவுகளும் உம் பிள்ளைகதானேன்னு அவர்ட்டக் கேக்கணும்."

பந்து விளையாட்டுக்காகக் கோயிலை விட்டவன் அவன். நானோ பயத்தில் கும்பிட்டவன். சாமியிடம் நேராகப் போய் இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

7

நானும் கூடப் போகிறேன் என்று கிளம்பினேன். முத்தம்மாளுக்குக் கால் வீக்கம், கப்பல் ஆகாது. ஆனாலும் நான் ஒருவனாவது போய் என் கையால் தவிடு வைத்து, இனி இவன் என் பிள்ளை என்று அந்த வெட்டவெளியில் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஆசைக்கு இருபத்தைந்து வயது.

கப்பல் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பையன்தான் இருந்தான். தாளைப் புரட்டினான்.

"இந்தக் கப்பல்ல சயாம்லேருந்து திரும்பினவங்களுக்கும் அவங்களைப் பெத்தவங்களுக்கும்தான் இடம், ஐயா. நீங்க கார்டியன்."

"நான்தான்யா தகப்பன்."

"அப்ப இதுல கையெழுத்துப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டுல எது பொய்?"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். இரண்டும் பொய் இல்லை என்று சொன்னால் அவனுக்கு எங்கே எழுதுவது என்று தெரியாது. தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் தவிடு வாங்கி வைத்திருந்தேன். அதைப் பிச்சையிடம் கொடுத்து அனுப்பலாமா என்று முத்தம்மாளிடம் கேட்டேன். பெற்றவர்கள் கையால்தான் வைக்க வேண்டும் என்றாள். அதுதான் முறை என்று எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டேன். போடும்போது அழுதேன். முத்தம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். இனி என் ஆயுளில் நான் வருவேன் என்று தோன்றவில்லை. அவன் அவருடைய பிள்ளையாகவே இருக்கட்டும். என்னால் ஆகாத இடத்தில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தது அந்தப் பெயர்தான்.

இனி உங்களிடம் என் காரியம்.

திருமங்கலம் ஸ்டேஷனில் அவன் இறங்கும்போது ஆள் ஒல்லியாக இருப்பான். இடது காலைச் சற்று இழுத்து நடப்பான். பேச்சில் மலாய் கலக்கும், சிரிக்க வேண்டாம். உங்களில் சில பேர் வீட்டுக்கு அவன் வரக்கூடும். என்ன செய்தி கொண்டுவருகிறான் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவனை உட்கார வையுங்கள். அவன் சொல்லி முடிக்கிறவரை எழுந்து போகாதீர்கள்.

நம் ஊரில் புது முகத்தைக் கண்டால், "யாரு மகன்ப்பா நீ?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். கேளுங்கள். கருப்பன் மகன் என்பான். உங்களில் வயதானவர்கள் முகச்சாடையை வைத்து, இவன் கிராணி மகன் அல்லவா என்று சொல்லிவிடலாம். மூக்கும் நெற்றியும் அப்படியே என்னுடையவை. தயவுசெய்து சொல்ல வேண்டாம். ஆமாம் என்று தலையாட்டி, கோயிலுக்கு வழி காட்டுங்கள். உச்சி வெயிலில் கரிசலுக்குள் விடாமல், கண்மாய்க் கரை மரத்தடியோடு போகச் சொல்லுங்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.